ஒரு கிளாஸ் ஒயின்!

ரோம் நகருக்கு வடகிழக்கே, மலைகளுக்கு நடுவில் லாக்விலா என்று ஒரு பழைய ஊர். கல் வீடுகள், சர்ச்சுகள், சதுக்கங்கள். பூகம்பம் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1703-ல் ஊரே நொறுங்கி, மறுபடி எழுந்தது. அதனாலேயே அங்கே தாத்தா காலத்துப் பழக்கம் ஒன்று இருந்தது. ராத்திரி தரை லேசாக ஆடினால்கூடப் போதும்... போர்வையைச் சுருட்டிக்கொண்டு குடும்பத்தோடு வெளியே போய்விடுவார்கள். சதுக்கத்திலோ காருக்குள்ளோ தூங்கிவிட்டு, விடிந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

2009-ன் ஆரம்பத்திலிருந்தே லாக்விலா அடிக்கடி ஆடிக்கொண்டிருந்தது. மார்ச் 30-ல் வந்தது சற்றுப் பெரியது. அளவு 4.1. போதாக்குறைக்கு ஜூலியானி என்ற டெக்னீஷியன், தரையிலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து பார்த்து, 'பெரிய பூகம்பம் வரப்போகுது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஞ்ஞானிகள் அவருடைய முறையை ஏற்கவில்லை. ஆனால், ஜனங்களிடம் பேசியவர் அவர் மட்டும்தானே? பீதி பரவியது.

பேரிடர் துறையின் தலைவர் பெர்டொலாசோ, நாட்டின் முன்னணி நிபுணர்களை லாக்விலாவுக்கு அனுப்பினார். எதற்காக? ஆராயவா? அவர் டெலிபோனில் பேசியது ஒட்டுக்கேட்கப்பட்டு 2012-ல் வெளியே வந்தபோது விஷயம் புரிந்தது. இது பத்திரிகைகளுக்காகச் செய்கிற ஒரு காரியம், அந்த முட்டாளின் வாயை அடைத்து ஜனங்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்கிற தோரணையில் பேசியிருக்கிறார் மனிதர்!

மார்ச் 31. கூட்டம் சுமார் ஒரு மணி நேரம் நடந்தது. உள்ளே பேசப்பட்டதில் பெரிய தவறு இல்லை. நிலநடுக்க விஞ்ஞானி போஸ்கி, '1703 போன்ற ஒன்று இப்போது வர வாய்ப்புக் குறைவு. ஆனால், வரவே வராது என்று சொல்ல முடியாது' என்றார். அந்தப் பின்பாதி வாக்கியம் கூட்ட அறையைத் தாண்டவே இல்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் பத்திரிகையாளர்களைச் சந்திக்காமலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பேசியது யார் தெரியுமா? பேரிடர் துறையின் துணைத் தலைவர் டி பெர்னார்டினிஸ். அதுவும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே டி.வி-க்குப் பேட்டி கொடுத்துவிட்டார். சின்னச் சின்ன அதிர்வுகளில் பூமியின் சக்தி வெளியேறிவிடுகிறது, ஆகவே நிலைமை சாதகமானது என்றார். 'அப்படியென்றால் நிம்மதியாக ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா?' என்று நிருபர் சிரித்தபடி கேட்க, 'தாராளமாக!' என்று பதில் சொல்லி, உள்ளூர் ஒயினின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

சக்தி வெளியேறும் கதை சுத்த அபத்தம். 6.3 அளவு பூகம்பம் ஒன்றின் சக்தியை, 4.1 அதிர்வுகளாகப் பிரித்துச் செலவழிக்க வேண்டுமானால் சுமார் 2,000 அதிர்வுகள் வேண்டும்! இதைச் சொல்ல அந்தக் குழுவில் ஆள் இல்லாமல் இல்லை. மைக்கின் முன்னால்தான் இல்லை.

ஏப்ரல் 5 ராத்திரி, பதினோரு மணிக்குச் சற்று முன்னால் ஓர் அதிர்வு. பன்னிரண்டே முக்காலுக்குள் இன்னொன்று. ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரின் வீட்டில் மனைவியும் ஒன்பது வயது மகளும் நடுங்கிப்போனார்கள். மருத்துவரின் அப்பாவாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பார். மகனோ படித்தவர், டி.வி-யில் விஞ்ஞானம் சொன்னதை நம்பியவர். 'வீட்டிலேயே இருக்கலாம்' என்றார். அதிகாலை 3.32-க்கு 6.3 அளவில் பூகம்பம் வந்தது. இடிபாடுகளுக்குள்ளிருந்து அவரை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். ஊரிலும் சுற்றுப்புறத்திலும் மொத்தம் 309 பேர் இறந்தார்கள்.

அந்த மார்ச் 31 அன்று ஒரு விஞ்ஞானி டி.வி-யில் என்ன சொல்லியிருக்கலாம்? 'பெரியது வருமா என்று எங்களுக்குத் தெரியாது. வருவதற்கான வாய்ப்புக் குறைவுதான். ஆனால், சாதாரண நாளைவிட இப்போது அதிகம். உங்கள் கல் வீடு பழசு என்றால், தரை ஆடும்போது தாத்தா செய்ததையே செய்யுங்க.' அரை நிமிஷப் பேச்சு! ஆனால், 'தெரியாது' என்பதைப் பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் சொல்வது சும்மா வந்துவிடாது. பழக வேண்டும்.

மைக்கேல் ஃபாரடேவுக்கு இது தெரிந்திருந்தது. கொல்லரின் மகன், புத்தகம் பைண்ட் செய்த பையன். மேடையில் பேசுவதற்காக 1818-ல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். புகழடைந்த பிறகும்கூட, தான் வேகமாகப் பேச ஆரம்பித்தால் 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைக் கண்ணெதிரே வைக்கும்படி உதவியாளருக்கு உத்தரவு! 1985-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அறிக்கை ஒன்று, பொதுமக்களோடு பேசக் கற்றுக்கொள்வது விஞ்ஞானியின் கடமை என்றே எழுதிவைத்தது. அமெரிக்காவில் 1975 முதலே அறிவியல் மாணவர்களைக் கோடையில் பத்திரிகை ஆபீஸ்களுக்கு அனுப்பி, செய்தி எழுத வைக்கிறார்கள். லாக்விலாவுக்குப் பிறகு இத்தாலி அரசு அமைத்த சர்வதேசக் குழுவும், வாய்ப்பு குறைவு என்றாலும் அதை மறைக்காமல் மக்களிடம் தொடர்ந்து சொல்லுங்கள் என்றது.

கோர்ட் கதை தனி. 2012 அக்டோபரில் ஏழு பேருக்கும் ஆறு வருஷச் சிறை. 'பூகம்பத்தைக் கணிக்காததற்கு ஜெயிலா?' என்று உலகமே கொதித்தது. நீதிபதி தண்டித்தது அதற்காக அல்ல; ஆபத்தை மேம்போக்காக எடைபோட்டதற்கும் தவறான தைரியம் தந்ததற்கும். 2014-ல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகளும் விடுதலை. டி பெர்னார்டினிஸுக்கு மட்டும் தண்டனை இரண்டு வருஷமாகக் குறைந்தது. மறுவருஷம் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

2022-ல் இடிந்த கட்டடம் ஒன்றுக்கான இழப்பீட்டு வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. செத்தவர்கள் மீதும் 30 சதவிகிதத் தவறு இருக்கிறது என்றது கோர்ட். என்ன தவறாம்? அன்று ராத்திரி இரண்டு தடவை தரை ஆடிய பிறகும் வெளியே போகாமல், வீட்டுக்குள் படுத்துத் தூங்கியது!