கால்கள் பட்ட கடன்

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவன் பணம் ஈட்டினால் அது அவனுடைய பணமன்று என்ற பொருள்பட, ஓய்வுக்குப் பின் அளித்த நேர்காணல் ஒன்றில் ஜான் ஓபி மிக்கேல் பேசினார். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிறந்து, பதின்ம வயதிலேயே நார்வேக்குச் சென்று, பின்னர் இங்கிலாந்தின் செல்சி கழகத்தில் 2006 முதல் 2017 வரை ஆடியவர் அவர். 2012இல் ஐரோப்பாவின் வாகையர் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றவர். உறவு வட்டம் விரிந்துகொண்டே போகும். ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்பது எழுதாத சட்டம் என்பதே அவர் சொன்னதன் சாரம். தென்னாப்பிரிக்காவில் இதற்குக் ‘கறுப்பு வரி’ என்றொரு பெயரே வழங்குகிறது.

செல்வம் சேர்த்த ஒருவரின் சலிப்பு என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நைஜீரியக் கால்பந்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் புரட்டினால், இக்கூற்றின் பின்னே நெடியதொரு கணக்கு இருப்பதைக் காண்கிறோம். அயலுக்குச் சென்ற வீரன் தாயகத்துக்கு என்ன பட்டிருக்கிறான், தாயகம் அவனுக்கு என்ன பட்டிருக்கிறது என்பதே அந்தக் கணக்கு.

1949 ஆகஸ்டில் லாகோஸ் துறைமுகத்திலிருந்து 18 வீரர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். நைஜீரியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்தது; விடுதலைக்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் காலணியின்றியே ஆடினர். கணுக்காலில் சுற்றிய துணிக்கட்டு மட்டுமே காப்பு. லிவர்பூலுக்கு அருகே மரீன் என்னும் கழகத்துடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 5–2 என வென்றார்கள். பின்னர் தோல்விகளும் வந்தன. திரும்பும் வழியில் ஃப்ரீடவுனில் இறங்கிச் சியரா லியோனை 2–0 என வென்றனர். நைஜீரியாவின் முதல் பன்னாட்டு ஆட்டமாக வரலாறு குறிப்பது அதைத்தான். நாடாவதற்கு முன்பே அந்நாட்டுக்கு ஓர் அணி வாய்த்துவிட்டது என்பது நாம் நினைவில் இருத்த வேண்டிய செய்தி. நாட்டின் பெருமையைக் காலில் சுமக்கும் வழக்கம் அங்கே அன்றே தொடங்கிவிட்டது.

அக்கப்பலில் சென்றவர்களுள் ஒருவர் டெஸ்லிம் பலோகன். பந்தை உதைக்கும் வேகத்துக்காக ‘இடி’ என்று பெயர் பெற்றவர். 1955இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். இம்முறை விருந்தினராக அல்ல, தொழில்முறை ஆட்டக்காரராக. முதலில் பீட்டர்பரோ யுனைடெட். அடுத்த ஆண்டு லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ். அங்கே அவர் லீக்கில் ஆடியது 13 ஆட்டங்கள், அடித்தது 3 கோல்கள். எண்களாகப் பார்த்தால் இது பெரிய வாழ்வன்று. ஆனால் அவர் ஊர் திரும்பிப் பயிற்சியாளராகி, கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். 1972இல் மறைந்த அவர் பெயரை லாகோஸின் சுருலேரே பகுதியில் ஒரு விளையாட்டரங்கம் இன்றும் தாங்கி நிற்கிறது. போனார், கற்றார், மீண்டார், கொடுத்தார் என்று நான்கு சொல்லில் அடங்கும் தெளிவான கதை அது. பின்வந்தோர்க்கு இத்தெளிவு வாய்க்கவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அடுத்த வாயில் திறந்தது. அதைத் திறந்தது ஒரு தண்டனை. 1985இல், தேசிய அணியின் முகாமுக்குக் குறித்த வேளையில் வந்து சேரவில்லை என்று சில வீரர்களைக் கால்பந்துச் சங்கம் இடைநீக்கம் செய்தது. பெனின் நகரின் வங்கி அணியொன்றில் ஆடிவந்த ஸ்டீபன் கேஷி அவர்களுள் ஒருவர். உள்ளூரில் ஆடவியலாத அவர் ஐவரி கோஸ்டின் அபிஜானுக்குச் சென்றார். அங்கிருந்து பெல்ஜியத்தின் லோகரன். 1987இல் அந்நாட்டின் புகழ்வாய்ந்த ஆண்டர்லெக்ட். தாம் நுழைந்த வாயிலை அவர் தமக்குப் பின் சாத்திக்கொள்ளவில்லை. இளம் வீரர்களுக்கு வழிகாட்டினார், கழகங்களுக்குப் பரிந்துரைத்தார். மக்களைக் கடல் கடத்திய மோசேயின் பெயரால் அவரை அழைப்பாரும் உண்டு. இக்பேபா, ஒலிசே, அமோகாச்சி என அடுத்தடுத்துப் பலர் பெல்ஜியக் கழகங்களில் ஆடத் தொடங்கினர். 1994இல் துனிசியாவில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நைஜீரிய அணி பெரும்பாலும் இவ்வாறு அயலில் ஆடியவர்களால் ஆனது. தலைவர் கேஷியே.

இவ்வாயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வழி அகன்றபோது தரகர்களும் வந்தனர். ஐரோப்பிய ஒப்பந்தம் என்று ஆசைகாட்டிப் பெற்றோரிடம் பணம் பறித்து, சிறுவர்களை அறியாத நகரங்களில் கைவிட்டுப் போன கதைகள் மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் உண்டு. 18 வயது நிரம்பாதோரை நாடுவிட்டு நாடு மாற்றுவதை, சில விலக்குகளோடு, பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2001இல் தடைசெய்ய நேர்ந்தது. உள்ளூர் அரங்குகளும் களையிழந்தன. லாகோஸின் தெருக்களில் கட்டணம் செலுத்தி இங்கிலாந்து ஆட்டங்களைத் திரையில் பார்க்கும் கூடங்கள் பெருகின. தம் மண்ணின் மைந்தர் ஆடுவதைக் காணத் திரையே கதி என்றாயிற்று.

1994 ஜூன் 21. அமெரிக்காவின் டல்லஸ் நகரம். உலகக் கோப்பையில் நைஜீரியாவின் முதல் ஆட்டம்; எதிரணி பல்கேரியா. 21ஆம் நிமிடத்தில் ரஷீதி எகினி பந்தை வலைக்குள் தள்ளினார். உலகக் கோப்பையில் அந்நாட்டின் முதல் கோல் அது. பந்தைத் தொடர்ந்து அவரும் ஓடிச்சென்று, வலையின் கண்களுக்குள் இரு கைகளையும் நுழைத்து, அதைப் பற்றிக்கொண்டு முகம் நெரியக் கூவினார். அழுகையா, தொழுகையா என்று பிரித்தறிய இயலாத தோற்றம். அந்தப் பருவத்தில் போர்த்துகலின் விட்டோரியா செட்டுபால் கழகத்துக்காக 21 கோல்கள் அடித்து, அந்நாட்டு லீக்கில் முதலிடம் பெற்றவர் அவர். 1993இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற முதல் நைஜீரியரும் அவரே.

அதன்பின் கிரீஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, துனிசியா என்று கழகம் மாறி மாறி ஆடினார். எங்கும் அந்தப் பழைய சுடர் மீளவில்லை. ஊர் திரும்பியவர் இபாதானில் தனித்தே வாழ்ந்தார். உளநலம் குன்றியிருந்ததாகச் செய்திகள் வந்தன. 2012 மே 4 அன்று, 48 வயதில் மறைந்தார். நாட்டுக்காக 58 ஆட்டங்களில் 37 கோல்கள் அடித்த மனிதரின் கடைசி ஆண்டுகளில் அந்நாடு எங்கே இருந்தது என்ற வினா அவர் இறந்த பிறகே உரக்க எழுந்தது. கேஷிக்கும் கசப்பு இருந்தது. 2013இல் பயிற்சியாளராக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார்; பிறகு அதைத் திரும்பப் பெற்றார். மனைவியை இழந்த ஆறே மாதத்தில், 2016 ஜூனில், பெனின் நகரில் அவரும் காலமானார்.

இனி மீண்டும் மிக்கேலிடம் வருவோம். 2018 ஜூன் 26, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அர்ஜென்டினாவுடன் உலகக் கோப்பை ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தது. நைஜீரியாவில் தந்தை கடத்தப்பட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. வெளியே சொன்னால் தந்தை கொல்லப்படுவார் என்பது மிரட்டல். 2011இலும் அவர் தந்தை ஒருமுறை கடத்தப்பட்டு மீண்டிருந்தார். அணித்தலைவரான மகன் பயிற்சியாளரிடமும் வாய் திறக்கவில்லை. களமிறங்கி முழு ஆட்டமும் ஆடினார். 86ஆம் நிமிடத்தில் விழுந்த கோலால் நைஜீரியா 2–1 எனத் தோற்று வெளியேறியது. ஜூலை 2 அன்று காவல்துறை தந்தையை மீட்ட பின்னரே உலகம் இதை அறிந்தது. 18 கோடி மக்களைக் கைவிட மனம் வரவில்லை என்று அவர் பின்னர் சொன்னார்.

தந்தையைக் கவர்ந்தோர் குறிவைத்தது மகனின் ஊதியத்தை. மகன் களத்தில் நின்றது அதே மண்ணின் மக்களுக்காக. கொடிய கை ஒன்றும் அன்பின் கை ஒன்றும் ஒரே பையை நோக்கி நீள்கின்றன. பை மட்டும் ஒருவனுடையது. ஈட்டிய பணம் தன்னுடையதன்று என்று அவர் சொல்லும்போது, அவர் நினைவில் இரண்டு கைகளும் இருந்திருக்கக்கூடும் என்றே நாம் கருதுகிறோம்.

பொருள்வயிற் பிரிவைப் பாடிய நம் பழம்புலவர்கள் அதைத் தலைவன், தலைவி இருவரின் துயராகவே வகுத்தனர். இங்கே பிரிந்து செல்பவனுக்காக ஒரு நாடே காத்திருக்கிறது. அவன் கொண்டுவரும் பொருளையும் புகழையும் வாசலிலேயே எண்ணிப் பார்க்கிறது. அவனுடைய கால் ஓய்ந்தபின் அவனை எண்ணிப் பார்க்கும் கடமை மட்டும் யார் பெயரிலும் எழுதப்படவில்லை. பலோகனுக்கு ஓர் அரங்கம் கிடைத்தது. எகினிக்கோ, அந்த வலையைப் பற்றிய கைகளின் படம் கிடைத்தது. அதைக் காட்டித்தான் இன்றும் நைஜீரியா தன் கால்பந்துக் கதையைத் தொடங்குகிறது. அவன் பட்ட கடனைக் கோலாகவும் காசாகவும் எண்ணிக் காட்ட முடிகிறது. நாடு அவனுக்குப் பட்ட கடனை எண்ண இன்னும் எவரும் அமரவில்லை.