நெல்லிக்காய் ஜாடியும் உப்பு வரியும்



நம் பிளாக்கில் யாராவது வீடு மாறும் நாளில் லிப்ட் அருகே நின்று பாருங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எல்லாவற்றையும் ஆட்கள் தூக்கிப் போவார்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் வீட்டில் மூத்தவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் ஏறுவார். மேல் பாதி பழுப்பும் கீழ் பாதி வெள்ளையுமாக இருக்கும் பீங்கான் ஊறுகாய் ஜாடி அது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் அந்த ஜாடிக்கு வேலை வந்துவிடும். சேலம், நாமக்கல் உழவர் சந்தைகளில் பெருநெல்லி வரத்து தொடங்கும். நார்த்தங்காயும் எலுமிச்சையும் பக்கத்திலேயே குவிந்திருக்கும். வாங்கி ஊறப்போட்டால் கோடை வரை தயிர்சாதத்துக்குக் கவலையில்லை. இந்தச் சின்ன வீட்டு வேலைக்குப் பின்னால் நம் மாவட்டத்தின் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

நெல்லியும் நம் ஊரும்

ஔவையாருக்கு அரிய நெல்லிக்கனியைக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியை உங்களுக்குத் தெரியும். அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1965 வரை தருமபுரி நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கொடையைப் பற்றிய ஔவையின் பாட்டு புறநானூற்றில் 91-வது பாட்டு.

அதியமான் கொடுத்தது அப்போதே உண்ண ஒரு கனி. ஒரு கூடை காயை ஆறு மாதம் கெடாமல் வைத்திருப்பது வேறு வித்தை. அந்த வித்தையும் சங்க காலத்துக்குத் தெரிந்ததுதான். பெரும்பாணாற்றுப்படையில் வரும் விருந்துச் சாப்பாட்டில் மாவடு ஊறுகாய் இருக்கிறது. அதில் மிளகாய் இருந்திருக்காது. மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு காரம் என்றால் மிளகுதான். காரம் மாறியது, எண்ணெய் மாறியது. அன்றும் இன்றும் இல்லாமல் முடியாதது உப்பு மட்டும்.

ஜாடிக்குள் நடப்பது

உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு வளரத் தேவையான நீர் கிடைப்பதில்லை. காயின் புளிப்பும் அவற்றைத் தடுக்கிறது. உப்பையும் புளிப்பையும் தாங்கும் பாத்திரமும் வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை களிம்பேறும், சுட்ட மண்பானையில் உப்பு கசிந்து வெளியே பூக்கும். கண்ணாடி போன்ற பூச்சுள்ள பீங்கான் எதற்கும் அசையாது.

ஐரோப்பாவில் பழங்களைச் சேமிக்கும் முறை வேறு வழியில் வளர்ந்தது. படைக்கு உணவு கெடாமல் போய்ச்சேர வேண்டும் என்று பிரெஞ்சு அரசு 1795-ல் பரிசு அறிவித்தது. நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் பழங்களையும் காய்களையும் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, இறுக மூடி, கொதிநீரில் வைத்து எடுத்தார். 1810-ல் அவருக்கு 12,000 பிராங்க் கிடைத்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. ஐம்பது ஆண்டு கழித்து லூயி பாஸ்டர்தான் நுண்ணுயிர்களைக் காட்டி விளக்கினார். "ஈரக்கையோடு ஜாடியைத் தொடாதே" என்று நம்மை விரட்டிய பாட்டிகளும் காரணம் படித்தவர்கள் அல்லர். ஆனால் விதி சரியாக இருந்தது.

கடலில்லாத ஊரின் உப்பு

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கடல் கிடையாது. ஜாடிக்குள் போகும் ஒவ்வொரு பிடி உப்பும் கடற்கரையிலிருந்து வந்தாக வேண்டும். பழங்காலத்தில் உமணர்கள் வண்டி கட்டி உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு விற்பனையைக் கிழக்கிந்திய கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. பிறகு உவர்மண்ணைக் கரைத்து வீட்டுக்கு உப்பு எடுப்பதுகூடக் குற்றமானது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தப் பஞ்சத்தின் ஈரம் காயும் முன்பே, 1878-ல், சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. அந்த மணங்கு சுமார் 37 கிலோ. அதாவது ஒரு கிலோ உப்புக்கு ஓர் அணாவுக்கு மேல் வரி. பணக்காரர் வீட்டுக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் ஒரே வரி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயைத் தவிர வேறொன்றும் இல்லாத வீட்டில் அது எவ்வளவு உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே 1878-ல், அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். அவர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதிக் கொடுத்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர். நடப்பவர்களுக்குச் சோறு, தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் மிரட்டினார். ஊர் மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். ஏப்ரல் 30-ல் வேதாரண்யத்தில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார்.

அடுத்த ஆண்டு காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தது. உப்பு விளையும் இடத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு உப்பெடுக்கலாம் என்றது. வழிநடத்தியவரையும் பாட்டெழுதியவரையும் கொடுத்த நம் மாவட்டத்துக்கு அதனால் பயனில்லை, ஏனென்றால் இங்கே உப்பளமே கிடையாது. 1947-ல் வரி ஒழிந்த பிறகுதான் நம் வீட்டு ஜாடிகளுக்கு வரியில்லாத உப்பு கிடைத்தது.

இப்போது நம் கையில்

இன்று கல்லுப்பு அடுக்களையிலேயே மலிவான பொருள். ஆனால் வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. ரத்தக் கொதிப்புக்குப் பயந்து ஊறுகாயில் உப்பைப் பாதியாகக் குறைக்கிறோம். பதினைந்தே நாளில் பூஞ்சை பூக்கிறது, ஜாடியோடு கொட்டுகிறோம். பயம் நியாயமானதே. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தட்டில் வைக்கும் ஊறுகாயைக் குறையுங்கள், ஜாடியில் போடும் உப்பைக் குறைக்காதீர்கள். குறைந்த உப்பில்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

நம் பிளாட்டுகளில் வெயில் கிடைக்காது என்ற குறையும் உண்டு. உப்புநீர் நெல்லிக்கு வெயிலே வேண்டாம். காயைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, காய்கள் முழுவதும் மூழ்கும்படி ஜாடியில் ஊற்றுங்கள். மேலே மிதக்காமல் இருக்கச் சின்னப் பீங்கான் தட்டை வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பதம் வந்துவிடும். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்கட்டும். பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ மாமியாரோ இருந்தால், நூறு நெல்லிக்கு எத்தனை பிடி உப்பு என்று இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் கைப்பிடியைத் தராசில் நிறுத்து, கிராமில் எழுதி வையுங்கள். எங்களுக்கும் அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். ஜாடியை வீடு மாறும்போது மடியில் வைத்து எடுத்துப் போய்விடலாம். அந்தக் கையளவை எழுதி வைத்தால்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.