வாசலில் யாருடைய முடிவு

கழுத்துக்குக் கீழே உடல் அசையாத ஒருவர் வீட்டில் தனியாக இருக்கும்போது அழைப்பு மணி ஒலிக்கிறது. கதவு திறந்தால் போதும் என்றால் அதைப் பூட்டாமலே விட்டுவிடலாம். அவருக்குத் தேவை வேறு: வந்திருப்பவர் யார் என்று அறிய வேண்டும், விரும்பினால் திறக்க வேண்டும், விருப்பமில்லை என்றால் பூட்டியே வைத்திருக்க வேண்டும். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உருவான வாசல் கருவிகளின் கதையை வசதி பெருகிய கதையாகச் சொல்லிவிடுவது எளிது. தன் வாசலில் முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால், அதே கதை முன்னேற்றமும் பின்னடைவும் கலந்ததாகத் தெரிகிறது.

இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி நகரில் உள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் மருத்துவர் லுட்விக் குட்மன் முதுகுத் தண்டு காயங்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். முன்பென்றால் சில மாதங்களில் இறந்துபோயிருக்கக்கூடிய நோயாளிகள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். உயிர் நிலைத்தது, ஆனால் விளக்கைப் போடவும் ஆளைக் கூப்பிடவும் பிறர் கையையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ரெஜ் மாலிங்கும் அவருடன் உழைத்தவர்களும் உருவாக்கிய 'பாஸம்' இந்த நிலையிலிருந்து பிறந்த கருவி. வாயருகே ஒரு குழாய். அதில் ஊதினாலும் உறிஞ்சினாலும் மாறும் காற்றழுத்தம் ஒரு சுவிட்சை இயக்கும். எதிரே உள்ள பலகையில் விளக்கொளி ஒவ்வொரு பெயராக நகர்ந்து வரும். வேண்டிய இடத்தில் நிறுத்தினால் அதற்குரிய ரிலே வேலை செய்யும். மணி, விளக்கு, வானொலி, தொலைபேசி ஆகியவற்றோடு வாசல் பேசியும் கதவுப் பூட்டும் அந்த வரிசையில் சேர்ந்தன. விரல்கூட அசையாதவர் படுக்கையில் இருந்தபடியே வாசலில் நிற்பவரிடம் பேசி, மூச்சாலேயே பூட்டை விடுவிக்க முடிந்தது. பேசிய பிறகு பூட்டை அப்படியே விட்டுவிடவும் முடிந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை இதை வீடுகளுக்கும் வழங்கியது.

இது ஒரு சிறு கூட்டத்துக்கான மருத்துவக் கருவி, கைபேசியால் இயக்கும் இன்றைய வாசல் பூட்டுகளோ திருட்டுப் பயத்திலிருந்து வந்தவை, இரண்டையும் ஒரே வரலாற்றில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரௌன் தன் கணவர் ஆல்பர்ட்டுடன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் கேமரா, உள்ளறையில் ஒரு திரை, பேசுவதற்கு ஒலிவாங்கி, தொலைவிலிருந்தே தாழை விடுவிக்க ஒரு பொத்தான், ஆபத்தென்றால் அழைக்க இன்னொன்று. 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. வேளைகெட்ட வேளையில் வேலை பார்த்து, வீட்டில் தனியாக இருக்க நேர்ந்த ஒரு பெண்ணின் அச்சம் அதில் இருந்தது. உடல் நலமுள்ள அவரும் ஸ்டோக் மாண்டவில் நோயாளியும் கேட்டது ஒன்றே: பார், பேசு, பிறகு முடிவு செய். தேவையின் வேர் ஒன்றாக இருக்கும்போது வரலாற்றைப் பிரிப்பதில் பொருளில்லை.

வாசலில் முடிவு யாருடையது என்ற கேள்வியைச் சட்டம் தொடவே தயங்கியது. 1961-இல் அமெரிக்காவில் வெளியான முதல் தடையற்ற கட்டட விதிமுறை பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களுக்கானது. தனி வீடுகள் அதில் அடங்கவில்லை. இங்கிலாந்தில் 1999-இல்தான் புதிய வீடுகளும் விதிக்குள் வந்தன. வாசல் கதவின் திறப்பு குறைந்தது 775 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், சக்கர நாற்காலி ஏறும்படி வாசல் சமமாக இருக்க வேண்டும் என்றார்கள். தேவையான விதிகள்தான். ஆனால் வீட்டுக்காரர் கதவுவரை வந்துவிடுவார் என்றே அவை எண்ணின.

வர முடியாதவர்களுக்கு பிரிட்டனில் பரவலானது சுவரில் பொருத்தும் சாவிப்பெட்டி. எண்களை அழுத்தினால் திறக்கும். உள்ளே வீட்டுச் சாவி இருக்கும். பராமரிப்பாளர்களுக்கு அந்த எண் தெரியும். இதன் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், முதியவர் விழுந்து கிடந்தால் கதவை உடைக்காமல் ஆம்புலன்ஸ் ஊழியர் உள்ளே போகலாம். மின்பூட்டிலோ மின்சாரம் நின்றால் பூட்டியே இருப்பதா திறந்துகொள்வதா என்ற சிக்கல் உண்டு; முன்னது தீ விபத்தில் ஆபத்து, பின்னது திருடனுக்கு வழி. ஆயினும் சாவிப்பெட்டி வருபவரின் தேவையை மட்டுமே தீர்க்கிறது. எண் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. காலையில் வருபவரைச் சற்று நேரம் வெளியே நிற்கச் சொல்லவும் வழியில்லை. அவசர நொடிக்கான ஏற்பாடு அன்றாட வாழ்க்கைக்கே விதியாகிவிட்டது. சாவிப்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதனோடு வாசல் பேசியும், மின்கலத் துணையுள்ள பூட்டும், எண்ணை மாற்றும் அதிகாரமும் வீட்டுக்காரருக்கு வேண்டும். மூச்சால் இயங்கும் பூட்டை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்டில் இதைத் தொழில்நுட்பக் குறை என்று தள்ளிப்போட முடியாது.