சட்டமும் வாசற்கதவும்

சாந்தோம் பேராலயத்திலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, பெசன்ட் அவென்யூவை அடைந்தால் அங்கே ஔவை இல்லத்தைக் காணலாம். நம்மில் பலர் அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருப்போம். அவ்வில்லம் ஏன் தோன்றிற்று என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்றது 1989 நவம்பர் 20 அன்று. இந்தியா அதில் இணைந்தது 1992 டிசம்பரில். ஆனால் அவ்வுரிமைகளுக்கான போராட்டம் நம் நகரின் தெருக்களில் அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதலில் பசியைப் பற்றிய வரலாறு. தியாகராய நகரைத் 'தி. நகர்' என்று சுருக்கி அழைக்கும் நாம், அப்பெயருக்கு உரியவரையும் மறந்துவிடுகிறோம். பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்க்குப் பகலுணவு அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகலாகாது என்பது விதி. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்னும் எளிய உண்மையே அத்திட்டத்தின் அடிப்படை. அது வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1922-23இல் அப்பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1671 ஆக உயர்ந்தது. எனினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாளில் திட்டம் நின்றது. செட்டியாரும் அதே ஆண்டில் காலமானார்.

அன்று பிள்ளைகள் மீது இரக்கம் இருந்தது. அவ்விரக்கத்தைக் காத்து நிற்கும் சட்டம் இல்லை. ஆகவே, ஒரு கணக்குத் தலைப்பைக் காட்டியே அடுப்பை அணைக்க முடிந்தது. தியாகராய நகரின் திருமலைப் பிள்ளை சாலையில் வாழ்ந்த காமராசர், முதலமைச்சராக 1956இல் அவ்வடுப்பை மாநிலமெங்கும் மூட்டினார். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனை மேலும் விரிவாக்கியது. 2001 நவம்பர் 28 அன்று, அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. அதன் பின்னரே பகலுணவு, கொடுப்பவர் விருப்பத்தைப் பொறுத்த தருமமாக இராமல், பிள்ளை கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. ஆயிரம் விளக்கில் அடுப்பு அணைந்ததற்கும் அவ்வாணைக்கும் இடையே 76 ஆண்டுகள் கடந்தன.

அடுத்து, சட்டம் மட்டும் போதாது என்று உணர்த்தும் வரலாற்றைக் காண்போம். மயிலாப்பூரில் 1886இல் பிறந்தவர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. விளையாடும் பருவத்திலேயே மணமுடிக்கப்பெற்று, விரைவிலேயே கைம்பெண்ணானவர். தந்தையின் துணையால் கல்வி கற்று, 1911இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமியரைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். பின்னர் அவர்களுக்கான இல்லம் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடைபெற்றது. பெண்ணுக்குத் திருமண வயது 14 என வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. இனி நடக்கவிருக்கும் திருமணங்களைத் தடுக்கவே அச்சட்டம் வந்தது. ஏற்கெனவே தலை மழிக்கப்பட்டு மூலையில் அமர்ந்திருந்த சிறுமிக்கு அதனால் என்ன பயன்? அவளுக்குத் தேவைப்பட்டது திறந்த ஒரு வீடு.

அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் தேவதாசி மரபில் தோன்றியவர். 1926இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, அதன் துணைத்தலைவராகவும் தேர்வு பெற்றார். சிறுமியர்க்குக் கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். சத்தியமூர்த்தி போன்ற தேசபக்தர்களே அதனை எதிர்த்துப் பேசினர். மானிய நிலத்தை இழக்காமலேயே அத்தொண்டிலிருந்து விடுபட வழிசெய்யும் சட்டத் திருத்தம் 1929இல் வந்தது.

அதற்கடுத்த ஆண்டில், அவ்வாழ்விலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் அம்மையாரை நாடி வந்தனர். அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றபோது, பிறந்த குலத்தைக் காட்டி இடமில்லை என்று கூறிவிட்டனர். சட்டசபையில் வாதாடி வென்றவருக்கு நகரில் ஒரு விடுதியின் கதவைத் திறக்க இயலவில்லை. எனவே, தம் வீட்டுக் கதவையே திறந்தார். ஔவை இல்லம் அவ்வாறு பிறந்தது. பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடைசெய்த சட்டம் 1947இல்தான் வந்தது. சட்டம் வரும் வரை அப்பெண்கள் எங்கே உறங்குவது என்ற கேள்விக்கு விடையாக அந்த 17 ஆண்டுகளும் இருந்தது அவ்வில்லமே.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய தேவதாசிப் பெண்கள் இச்சீர்திருத்தத்தை எதிர்த்து 1927இலேயே குரல் எழுப்பினர். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர், அவ்வச்சம் வீணானதன்று. வயதுவந்த பெண்டிரின் இழப்பை வரலாறு இன்று மறுஆய்வு செய்கிறது. ஆயினும், தன் வாழ்வைப் பற்றித் தன்னிடம் கேட்கப்படாத சிறுமியின் சார்பில் அன்று யாரேனும் பேசியே ஆக வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறுக்க முடியாது.

விடுதலைக்குப் பின் 1949இல், காமராசரின் ஊக்கத்தால் மஞ்சுபாஷிணி அம்மையார் தியாகராய நகரில் பால மந்திரைத் தோற்றுவித்தார். நாடு விடுதலை பெற்றது. பெற்றோரற்ற குழந்தைகளுக்கு அதனால் மட்டும் ஒரு வீடு கிடைத்துவிடவில்லை என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

இன்று நிலைமை என்ன? 2024இல் உலகில் ஏறத்தாழ 13.8 கோடிக் குழந்தைகள் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெப்பும் மதிப்பிட்டுள்ளன. நம் நாட்டில் 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. பாலியல் வன்கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. சட்டங்களில் நாம் முன்னோரைவிடச் செல்வர்களாய் இருக்கிறோம்.

இன்னொன்றையும் காலம் நமக்குக் கற்பித்துள்ளது. அடைக்கலம் தந்த வீட்டுக்குள்ளேயே குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும். திருச்சபையும் இக்கசப்பான உண்மையை எதிர்கொள்ள நேர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் சிறார் பாதுகாப்பிற்கென 2014இல் தனி ஆணையம் அமைத்தார். நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் இல்லமும் சட்டத்தின் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். வாசலைத் திறந்துவைப்பவர், கணக்குக் கேட்பவருக்கும் சேர்த்தே திறக்கக் கடமைப்பட்டவர்.

நம் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுச் சமையலறையில், பள்ளி செல்லும் வயதில் ஒரு சிறுமி பாத்திரம் துலக்கக் காண்கிறோம். சட்டம் இருக்கிறது, 1098 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. ஆயினும், பிறர் வீட்டு விவகாரம் என்று வாளாவிருக்கிறோம். 1930இல் இடமில்லை என்று கூறிய விடுதிக்காரர்கள் கொடியவர்களாய் இருந்திருக்க வேண்டியதில்லை. நம்மைப் போலவே, தம் விதியையும் வழக்கத்தையும் மீறத் துணியாதவர்களாய் இருந்திருக்கலாம். பெசன்ட் அவென்யூ வழியே அடுத்த முறை செல்லும்போது, அச்சிறுமியர் அன்று நம் வாசலுக்கு வந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.