நூறு நாள் என்னும் எல்லை

1877 ஜனவரி 1-ஆம் தேதி லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தபோது, சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்கும் பொறுப்போடு அந்த மாதமே தெற்கே அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவு செய்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். இன்று அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டப்பட்டதுதான். 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமும் பின்னால் வந்த பஞ்ச விதிகளும் இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தின. உடம்பில் தெம்புள்ளவருக்கு மண்வேலை, முடியாதவருக்கு இலவச உதவி, மழை பெய்து விளைச்சல் கண்ணில் பட்டதும் வேலைத்தலம் மூடப்படும். அரசு தரும் வேலைக்கு முடிவு நாள் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் நிர்வாகத்தில் வேர்விட்டது இப்படித்தான். மழை வந்தால் பஞ்சம் தீரும். முதுமை எந்தப் பருவத்திலும் தீராது. இந்த வேறுபாட்டை அதற்குப் பின் வந்த சட்டங்களும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் வாதம்.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தது மகாராஷ்டிரம். சட்ட மேலவைத் தலைவராக இருந்த வி. எஸ். பாகே முன்வைத்த யோசனை, 1972 வறட்சியில் மாநிலம் முழுவதற்கும் பரவி, 1977-இல் வேலை உறுதிச் சட்டமானது. அதில் நாள் வரம்பு கிடையாது. கேட்கும் ஒவ்வொருவருக்கும், குடும்பக் கணக்கு பார்க்காமல், கேட்கும் நாளெல்லாம் வேலை. செலவுக்கு நகரத்தில் சம்பளம் வாங்குவோரிடம் தொழில்வரி வசூலித்தார்கள். 2004 மே மாதம் டெல்லியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி வெளியிட்ட குறைந்தபட்சச் செயல்திட்டம் இந்த அளவுக்குத் துணியவில்லை. ஆனாலும், கிராம, நகர ஏழைக் குடும்பங்கள் இரண்டுக்குமே ஆண்டுக்குக் குறைந்தது 100 நாள் வேலை தருவதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வோம் என்றது. 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் நகரம் காணாமல் போயிற்று. அதனால் சட்டம் பிறந்த டெல்லியிலேயே அது நடைமுறைக்கு வரவில்லை. சட்டத்தின் 3-ஆம் பிரிவு 100 நாளுக்குக் குறையக் கூடாது என்றுதான் சொன்னது. ஆனால் மத்திய அரசின் பணம் 100 நாளோடு நின்றது. வறட்சி அறிவிக்கப்பட்டால் இன்னும் 50 நாள், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் மாநிலங்கள் தங்கள் கஜானாவிலிருந்து கொடுக்கலாம். தரையாகப் போட்டது கூரையாகிவிட்டது.

இந்தக் கூரை அதிகமாக இடிப்பது முதியவர்களின் தலையில். சட்டம் 18 வயது நிரம்பிய யாரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மேல் வயது எல்லை வைக்கவில்லை. அதன் மிகப் பெரிய நன்மைகளில் ஒன்று அது. ஏரிக்கரையில் மண்சட்டி சுமக்கும் 65 வயதுப் பெண்ணை அடுத்த நாள் வேறு யாரும் கூலிக்குக் கூப்பிடப் போவதில்லை. இளைஞனுக்கு நூறு நாள் வேலை இடைக்காலக் கைப்பிடி. அவளுக்கு அதுவே முழு வேலை. அதிலும் 100 நாள் என்பது ஆளுக்கல்ல, குடும்பத்தின் வேலை அட்டைக்கு. மகனும் மருமகளும் அதே அட்டையில் இருந்தால் அவள் பங்கு சுருங்குகிறது. தனித்து வாழ்பவளென்றால் 101-ஆம் நாள் கையில் ஒன்றுமில்லை.

தேசிய சராசரி ஆண்டுக்கு ஏறக்குறைய 50 நாள்தானே, வரம்பு யாரைத் தடுக்கிறது என்று கேட்பார்கள். சராசரி குறைந்ததற்கு நிதிப் பற்றாக்குறையும் கூலித் தாமதமும் பெரிய காரணங்கள். வேலை போதுமென்று மக்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது சான்றாகாது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற விவசாயிகளின் குறை உண்மையானது. அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்ட வயலில் அவர்கள் தேடுவது 65 வயது ஆளையல்ல. வயதானவர்களுக்கு வேலை எதற்கு, ஓய்வூதியம் போதாதா என்ற கேள்விதான் கனமானது. கொடுத்தால் போதும். ஆனால் 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்கு 2007-இல் தொடங்கிய இந்திரா காந்தி திட்டத்தில் மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். மாநிலங்கள் கூட்டித் தருகின்றன, ஒன்றுபோல அல்ல. வேலை செய்ய இயலாதவருக்குத் தனி உதவி உண்டு என்று பஞ்ச விதிகள், எவ்வளவு கஞ்சத்தனமாக இருந்தாலும், ஏற்றுக்கொண்டன. நாம் அதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் நாளையும் எண்ணுகிறோம்.

2025 டிசம்பரில் டெல்லியில் நிறைவேறிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலை நிறுத்தப்படலாம். கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காடு ஏற்க வேண்டும். எண் கூடியிருக்கிறது, கணக்கு இன்னும் குடும்பத்துக்கே. 60 வயது கடந்தவருக்கு ஆளுக்கொரு தனி அட்டை கொடுங்கள்; அந்த அட்டைக்கு நாள் வரம்பு வேண்டாம்; ஓய்வு வேண்டுவோருக்கு வயிறு நிறையும் ஓய்வூதியம் கொடுங்கள். இவற்றைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது.