திரையில் ஒரு நோயாளி

அமெரிக்காவில் மருத்துவத் தேர்வுகளுக்கான தேசிய வாரியம் 1915-இல் உருவானது. அதன் செயல்முறைத் தேர்வில் மாணவர் உண்மையான நோயாளியை விசாரித்து, தொட்டுப் பார்த்து, மூத்த மருத்துவரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 1960-களின் தொடக்கத்தில் வாரியமே அதைக் கைவிட்டது. ஒருவருக்கு எளிய நோயாளி, அடுத்தவருக்குச் சிக்கலான நோயாளி. ஒரே மாணவருக்கு இரு தேர்வாளர்கள் போட்ட மதிப்பெண்களும் ஒத்துப்போகவில்லை. அதிர்ஷ்டத்தைப் பொறுத்து உரிமம் தரக் கூடாது என்பது நியாயமே. ஆனால் சீராக அளக்க முடிந்ததையே முழுத் திறமையாக எடுத்துக்கொள்ளும் தவறு அங்கேதான் தொடங்கியது.

அடுத்து வந்தது காகித நோயாளி. வினாத்தாளில் பரிசோதனைகளின் பட்டியல் இருக்கும். மாணவர் தேர்ந்தெடுத்ததன் மேல்பூச்சை அழித்தால் அடியில் முடிவு தெரியும். நிறைய அழித்தவருக்கு நிறைய மதிப்பெண். நாலு கேள்வியில் நோயைக் கண்டுபிடிக்கும் அனுபவசாலி பின்தங்கினார். ஒரு நோயில் காட்டும் திறமை இன்னொன்றில் அப்படியே வராது என்று எல்ஸ்டீன் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வும் காட்டியது. அந்தத் தேர்வும் போனது. 1999-இல் உரிமத் தேர்வின் மூன்றாம் கட்டத்தில் நுழைந்த கணினி நோயாளி, நிறைய அழித்தவரே முந்தும் குறையைத் திருத்தியது. பட்டியல் கிடையாது, எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்று மாணவரே தட்டச்சு செய்ய வேண்டும். திரையில் கடிகாரம் நகரும். ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குரிய நேரம் கழித்தே வரும். தாமதித்தால் நோயாளியின் நிலை மோசமாகும். எப்போது, எந்த வரிசையில் முடிவெடுக்கிறார் என்பதை இவ்வளவு சீராக அளக்க படுக்கையருகே வழியே இருந்ததில்லை.

அப்படியானால் கணினியே போதாதா என்று கேட்கலாம். பயிற்சி பெற்றவர்களை நோயாளிகளாக நடிக்கவைத்து நேரில் நடத்திய தேர்வு 2004-இல் அங்கே கட்டாயமாகி, கோவிட் காலத்தில் நிறுத்தப்பட்டு, 2021-இல் ஒரேயடியாகக் கைவிடப்பட்டது. ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம், ஐந்தே நகரங்களில் மையங்கள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்ற குறைகள் உண்மையே. ஆனால் அவை தேர்வை நடத்திய விதத்தின் குறைகள். அந்தத் திறமை தேவையில்லை என்பதற்குச் சான்றுகள் அல்ல. வீங்கிய கல்லீரலின் விளிம்பு விரல்நுனியில்தான் தட்டுப்படும். மதுப்பழக்கத்தை மறைப்பவரின் தயக்கம் எதிரே உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் புரியும். நேரில் சோதிப்பதையும் சீராக்க முடியும் என்று 1975-இலேயே ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் காட்டினார்: எல்லா மாணவர்களும் ஒரே தேர்வு நிலையங்களைச் சுற்றிவர, ஒரே அளவுகோலில் மதிப்பெண். ஆகவே முடிவெடுக்கும் திறனைக் கணினி சோதிக்கட்டும். கையையும் காதையும் சோதிக்கும் பொறுப்பைக் கல்லூரிகள் தட்டிக்கழிக்கக் கூடாது.