வரைபடத்தில் ஊதா பிறந்த கதை

பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சிவப்பு. தொழிற்சாலைக்கு ஊதா. நம் வீட்டு மனைக்கு அதில் என்ன நிறம் என்று பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. வங்கிக் கடனுக்குப் போகும்போதோ, பக்கத்து மனையில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்போதோதான் பார்க்கிறோம். அந்த நிறம் நம் காதுவரை வருகிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70. ஊதாவின் ஓரத்தில் தொட்டில் கட்டியிருக்கும் வீட்டுக் குழந்தை எவ்வளவு இரைச்சலுக்கு நடுவே தூங்கலாம் என்பதையும் அந்த வரைபடம்தான் தீர்மானிக்கிறது.

இந்த நிறப் பிரிவினை ஐரோப்பாவில் தொடங்கியது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் 1891-ல் நகரை மண்டலங்களாகப் பிரித்தது. நியூயார்க் 1916-ல் முழு நகரத்துக்கும் மண்டல விதி கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. புகையும் கழிவும் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. ஆலையையும் வீட்டையும் பிரித்து வைப்பது அன்று உயிர் காக்கும் ஏற்பாடு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பெங்களூரு நகரைப் பிரித்து அமைக்கத் தொடங்கியதற்கு ஆலைப்புகை காரணமில்லை. 1898-ல் பிளேக் வந்து பேட்டைத் தெருக்களில் ஆட்கள் மடிந்தபின்தான் பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற விரிவாக்கங்களில் காற்றோட்டமான அகலத் தெருக்கள் எழுந்தன. ஆலைகள் வேறு வழியில் வந்தன. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., அடுத்த பத்தாண்டில் எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும். நகருக்கு வெளியே பெரிய நிலம் வளைத்து, வேலைக்காரர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை என்று தனி ஊரே கட்டிக்கொண்டவை அவை. அங்கே ஆலையும் வீடும் ஒரே மதிலுக்குள் இருந்தன. யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை.

பெங்களூரின் அடுகோடி அப்படித் திட்டமிட்டு எழுந்த ஊர் அல்ல. ஓசூர் சாலையோரம், அன்றைய நகரத்தின் விளிம்பு. 1923-ல் இங்கே கால்நடை, பால்பண்ணை ஆய்வு நிலையம் வந்தது. 1927-ல் காந்தி பெங்களூரில் உடல்நலம் தேறிக்கொண்டிருந்தபோது இங்கே வந்து மாடு வளர்ப்பைக் கற்றார். தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் நிலையமாக அது இன்றும் இருக்கிறது. 1951-ல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஊர் வாயில் ‘மைக்கோ’, தொடங்கப்பட்டது. டீசல் எஞ்சினுக்கான ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பம்ப்பும் ஸ்பார்க் பிளக்கும் அடுகோடியில் தயாராகி நாடெங்கும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஏறின. ஆலையைச் சுற்றி வீடுகள் வந்தன. 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்த நாளிலிருந்தே ஆற்காட்டுப் பக்கமிருந்தும் சேலம் பக்கமிருந்தும் வந்து குடியேறிய தமிழர்கள் நீலசந்திரா, விவேக்நகர், அடுகோடி என்று பரவியிருந்தார்கள். ஷிப்டுக்கு நடந்தும் சைக்கிளிலும் போகும் தூரத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பது அவர்களுக்கு இயல்பான காரியம். பி.டி.எம். பக்கத்தில் ‘மைக்கோ லேஅவுட்’ என்ற பெயர் இன்னும் நிலைத்திருப்பதற்கும் இதே ஆலைதான் காரணம்.

இதெல்லாம் நடந்து முடிந்தபின்தான் சட்டம் வருகிறது. கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. நகரத்துக்கான முதல் திட்டம் 1972-ல் ஒப்புதல் பெற்றது. 1976-ல் வளர்ச்சி ஆணையம் உருவாயிற்று, 1984-ல் விரிவான திட்டம், 1995-ல் அதன் திருத்தம். அடுகோடியின் ஊதா எந்தத் திட்ட அதிகாரியும் யோசித்து வைத்ததல்ல. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஆலையின் மதிலைச் சுற்றி நிறம் பூசினார்கள், அவ்வளவே. “வீடுகளுக்கு நடுவே ஆலையா?” என்று பின்னால் வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் இந்த முன்பின் வரிசையை மறந்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

ஊதாவும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இந்தப் பகுதியின் சந்துகளில் முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு லேத் மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் எண்ணெய் ஊறிய இரும்புச் சுருள்களின் குவியல். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். மாடியில் வீடு, கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. வரைபடத்தில் இதற்கென்று தனி நிறம் கிடையாது. குடியிருப்பில் சிறுபட்டறை நடத்தலாமா என்பதை மண்டல விதி மோட்டாரின் குதிரைத்திறனையும் தளத்தின் பரப்பையும் வைத்து முடிவு செய்கிறது. இதை நல்ல விதி என்றே சொல்வேன். என்ன தொழில் என்று பெயரைப் பார்க்காமல், அக்கம்பக்கத்துக்கு என்ன தொல்லை என்று அளந்து பார்க்கிறது. விவாதம் முழுவதும் இந்த வழியில் போயிருந்தால் எத்தனையோ சண்டைகள் தீர்ந்திருக்கும்.

போகவில்லை. பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்றின் துணையோடு தயாராகி 2007-ல் ஒப்புதலான பெருந்திட்டம் வீட்டுப் பகுதிகளில் கடைக்கும் அலுவலகத்துக்கும் தாராளமாக இடம் கொடுத்தது. பக்கத்துக் கோரமங்களாவில் வீட்டு முன்னறைகள் உணவகங்களாக மாறின. குடியிருப்போர் அமைப்புகள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இரவு பன்னிரண்டு மணிக்கு வாசலில் வண்டி நிறுத்தும் சண்டை, சாக்கடையில் உறைந்த சமையல் எண்ணெய் என்று அவர்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு குரல் கேட்கவேயில்லை. மஞ்சளைக் காப்பாற்ற வழக்கறிஞர் வைக்க முடிந்தது. ஊதாவைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. ஊதாவின் நடுவே வேலை செய்தவர்களுக்குக் குடியிருப்போர் சங்கம் இல்லை. தொழிற்சங்கம் இருந்தது, அது கூலியைப் பேசியது. நிலத்தைப் பேசும் வேலை அதனுடையது என்று யாரும் நினைக்கவில்லை.

நிலத்தின் விலை ஏற ஏற ஊதா கரைந்தது. மைக்கோ 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. 2015-ல் மைசூர் சாலையில் பிடதியில் புதிய ஆலை திறந்தது. அடுகோடியின் உற்பத்தி படிப்படியாக அங்கே போயிற்று. 30 கிலோமீட்டருக்கும் மேல் தூரம், நகரைக் குறுக்கே கடந்து போக வேண்டும். அடுகோடியின் 76 ஏக்கரில் சுமார் 800 கோடி ரூபாய் செலவில், 10,000 பேர் உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய தொழில்நுட்ப வளாகம் எழுந்தது. 2022 ஜூன் 30 அன்று பிரதமர் காணொளி வழியாகத் திறந்து வைத்தார். வேலை போய்விட்டது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையில் பார்த்தால் நிறைய வேலைகள் வந்திருக்கின்றன. தொழிற்பயிற்சி முடித்த பிள்ளை தெருமுனையில் இருந்து நடந்தே போய்ச் சேரும் வேலை அதில் எவ்வளவு என்பதே என் கேள்வி. தொழிற்சாலை போவது சில சமயம் தேவைதான். நகரின் நடுவே கனரக லாரிகள் உருள வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஆலையோடு சேர்த்து, நடந்து போகும் தூரத்தில் கைத்தொழில் வேலை என்ற ஏற்பாடும் போய்விடுகிறது. அதற்கு ஈடாக என்ன தருகிறோம் என்பதை எந்தத் திட்டமும் எழுதவில்லை.

அடுத்த பெருந்திட்டத்தின் வரைவு 2017 நவம்பரில் வந்தது. ஆட்சேபணைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2020-ல் அரசு அதைக் கைவிட்டது. நகரம் 2007-ன் வரைபடத்தை வைத்தே காலம் தள்ளியது. இடையில் நில உபயோகத்தை மனைக்கு மனை மாற்றிக்கொள்ள ஊரமைப்புச் சட்டத்தின் 14-ஏ பிரிவு இருக்கிறது. பொதுநலன் என்ற நிபந்தனையோடு, செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு மாற்றுவார்கள். அந்த அறிவிப்பில் சர்வே எண் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும், பரப்பு இருக்கும், எதிலிருந்து எதற்கு என்ற ஒரு வரி இருக்கும். இன்னும் இரண்டு வரிகளை நான் கேட்கிறேன். அந்த நிலத்தில் இன்று எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒன்று. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், நிறம் மாறியபின் எங்கே போக வேண்டியிருக்கும் என்று மற்றொன்று. ஊதாவை மஞ்சளாக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்த இரண்டு வரிகள் கட்டாயமானால், ஆட்சேபணை எழுத அடுகோடியின் சந்துகளிலிருந்தும் ஆள் வரும்.